வண்டியைக் குறுக்கே போடுங்கள்

புதிதாக லைசென்ஸ் வாங்கி ஸ்டியரிங் பிடித்திருக்கும் தம்பிகளே, உங்களுக்கு முதல் நாளே ஒரு புத்திமதி சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். வழியில் எவனாவது அடிபட்டுக் கிடந்தால் நிறுத்தாதே. முதலாளி சொல்வார், கண்டக்டர் சொல்வான், முன் சீட்டில் வருகிற பெரிய மனிதர் சொல்வார், சோறு போடும்போது பெண்டாட்டியும் சொல்வாள். நிறுத்தினவன் தலையில்தான் கேஸ் விழும் என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. என் தலையில் விழுந்தது. ஆறு மாதம் என் லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படியும் சொல்கிறேன், நிறுத்துங்கள்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். வண்டி ஓட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தரப் போவதில்லை. எஞ்சினைக் கிளப்பும்போது ஹாண்டில் திருப்பியடித்து மணிக்கட்டு வீங்கியது, கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டது எல்லாம் எல்லா டிரைவரும் சொல்கிற கதை. அதை அவரவர் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதை மட்டும் நீங்கள் பட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் இதில் படுகிறவன் நாம் இல்லை, கீழே கிடக்கிறவன்.

எங்கள் ரோட்டில் தழை போடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. வழியில் வண்டி குடை சாய்ந்து கிடந்தாலோ, ஆள் விழுந்து கிடந்தாலோ, அதைத் தாண்டிப் போகிறவன் பக்கத்து மரத்தில் ஒரு புங்கங்கொப்போ புளியங்கொப்போ ஒடித்து, இருபது முப்பது அடி முன்னாலேயே ரோட்டில் போட்டுவிட்டுப் போவான். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பான். மாட்டு வண்டிக்காரர்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம். நல்ல வழக்கம்தான், அதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் நல்ல வழக்கத்தையும் நாம் நமக்கு வசதியாகத் திருப்பிக்கொள்வோமே. தழை போட்டால் நம் வேலை தீர்ந்தது என்று ஆகிவிட்டது. "ஏம்பா, வழியில ஆளு கிடந்தானே, பாத்தியா?" என்று கேட்டால், "தழ போட்டுட்டுதான வந்தேன்" என்பார்கள். கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தவர் மாதிரி அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில் இருக்கும்.

அந்த நிம்மதி எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டு மேலே படிக்காதீர்கள்.

காலை முதல் டிரிப். வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போகிறேன். ஆம்பூரில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் வண்டியில் இருந்தார்கள். பின்னால் குப்புசாமி வந்துகொண்டிருந்தான். குப்புசாமி யார் என்றால், எங்களுக்குப் போட்டி சர்வீஸின் டிரைவர். என்னைவிட எட்டு வயது சின்னவன், என்னைவிட இரண்டு மடங்கு முரடன். நான் எங்கே அரை நிமிஷம் நின்றாலும் முந்திக்கொண்டு போய் அடுத்த ஊரில் நிற்கிற ஜனத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு விடுவான். பள்ளிகொண்டா தாண்டி ஒரு வளைவில், தோல் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றிப்போன மாட்டு வண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தோல் பதனிட அந்தப் பட்டைதானே வேண்டும், தினமும் நூறு வண்டி போகும். வண்டிக்காரன் பள்ளத்தில் கிடந்தான். தோள் வரை பட்டைக்கட்டுகள். ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. அந்தக் கை அசைந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ரோட்டில் ஏற்கெனவே இரண்டு தழை கிடந்தது. என் கண்டக்டர் காதர் பாய் இறங்கி மூன்றாவது தழையைப் போட்டுவிட்டு ஏறினார். "போலாம்ணே. முன்னாடி போனவங்க சொல்லியிருப்பாங்க. ஆளு வந்துடும். குப்புசாமி ஹாரன் கேக்குது" என்றார். நானும் வண்டியை எடுத்துவிட்டேன். முன்னால் போனவன் சொல்லியிருப்பான் என்று நான் நம்பினேன். எனக்கு முன்னால் போனவன், பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பியிருப்பான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஆம்பூரில் ஜனத்தை இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது பதினோரு மணி வெயில். அதே வளைவு. ரோட்டில் ஒன்பது தழை கிடந்தது. நான் எண்ணினேன். முதலில் போட்டது சுருண்டு காய்ந்து போயிருந்தது, அதற்கடுத்தது வாடி இருந்தது, கடைசியில் போட்டது பச்சையாகவே இருந்தது. எத்தனை பேர் எந்தெந்த நேரத்தில் அந்த ஆளைப் பார்த்துவிட்டுப் போனோம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். புளியமரத்து நிழலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கவிழ்ந்த இடம் இந்த ஊர் எல்லையா, அந்த ஊர் எல்லையா, எந்த மணியக்காரர் வந்து எழுத வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் முகத்தின் மேல் யாரோ துண்டு போட்டு மூடியிருந்தார்கள்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"ஒம்போது, ஒம்போதர இருக்கும்" என்றார் ஒருவர். "அது வரைக்கும் பேசிக்கினு இருந்தான். தண்ணி கேட்டான்."

"குடுத்தீங்களா?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "போலீசு வர்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னாங்களே டிரைவரே. தொட்டவன சாட்சிக்கு இழுப்பாங்க. நாளைக்குக் கோர்ட்டுக்கு யாரு அலையறது?"

அவர்களைத் திட்ட வாயைத் திறந்தேன்.  என்ன சொல்லித் திட்டுவது? அவர்களாவது அவன் சாகும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரயிலுக்கு நேரமாயிற்று என்று போனவன். காதர் பாய் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.  செத்தவன் பேர் என்ன, எந்த ஊர் என்று கூட எனக்குத் தெரியாது. விசாரிக்கத் தைரியம் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலே ஓடியிருக்கும். இந்தத் தடவை ஆம்பூரிலிருந்து வேலூருக்கு வருகிற காலை வண்டி. முன் சீட்டில் ஜரிகைத் தலைப்பாகை கட்டிய ஒருவர். அவர் பேரைச் சொல்ல மாட்டேன், அவர் பிள்ளைகள் இன்றும் இந்த ரோட்டில் போய் வருகிறார்கள். வேலூரில் அவருக்குச் சொத்து வழக்கு, பத்தரைக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று ஆம்பூரிலேயே மூன்று தடவை சொல்லிவிட்டார். மாதனூர் தாண்டியதும் ரோட்டில் தழை. ஒன்று, இரண்டு, மூன்று. வேகத்தைக் குறைத்தேன்.

பச்சைத் தோல் ஏற்றிய வண்டி. கடையாணி கழன்று சக்கரம் உருண்டு போய், வண்டி பக்கவாட்டில் பள்ளத்துக்குள் சாய்ந்திருந்தது. உப்புப் போட்ட ஈரத்தோல் என்ன கனம் கனக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அச்சு வண்டிக்காரன் வலது காலின் மேல் இருந்தது, மூட்டைகள் நெஞ்சு வரை. உயிர் இருந்தது. தோலிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் வாயில் போகாமல் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே கரையில் பத்துப் பதினைந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

விபத்து நடந்த இடத்தில் நிற்கிற கூட்டத்தைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்தவன் நான். எந்த ஊராக இருந்தாலும் அதே ஆட்கள்தான். ஒருவர் இது எப்படி நடந்தது என்று விளக்குவார். அவர் வந்ததே இப்போதுதான். ஒருவர் மாட்டைக் குறை சொல்வார். ஒருவர் அடிபட்டவனையே திட்டுவார், கடையாணியைப் பார்த்து ஓட்டக் கூடாதா என்று. ஒருவர் இதைவிடப் பெரிய விபத்தை நாட்றம்பள்ளியில் பார்த்த கதையைச் சொல்வார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் உள்ளே ஒரு பதைப்பு இருக்கிறது, முதல் ஆளாக இறங்கத்தான் பயம். அந்தப் பயமும் வெறும் பயம் இல்லை. சாட்சி சொல்லப் போனவன் ஒரு விதைப்பையே தவறவிட்ட கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. அன்றைக்கு அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. கிடந்தவன் சேரிக்காரன், மேலே கிடந்தது மாட்டுத்தோல். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மூக்கைப் பொத்திய கையே சொன்னது.

நான் என்ன செய்தேன் என்றால், வண்டியை ஓரங்கட்டவில்லை. ஓரங்கட்டினால் பின்னால் வருகிறவன் போய்விடுவான். தழை இருக்கிறதே, பார்த்து ஒதுங்கிப் போய்விடுவான். ஸ்டியரிங்கை ஒடித்து, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து, ஒரு பக்கத்துப் புளியமரத்துக்கும் மறுபக்கத்து மைல்கல்லுக்கும் நடுவில் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்.

"இன்னா பண்றே?" என்றார் தலைப்பாகைக்காரர். "எனக்குப் பத்தரைக்கு கேஸ்!"

"இவனுக்கு இப்பவே கேஸ் சாமி. எறங்குங்க."

"நான் யாரு தெரியுமா? உன் முதலாளி கிட்ட சொன்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"தெரியும். அத அப்புறம் பாத்துக்கலாம். எறங்குங்க."

அவர் இறங்கவில்லை. நான் காக்கிக் கோட்டைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் குமட்டியது. என் சாதியில் என் அப்பன் பாட்டன் யாரும் பச்சைத் தோலைத் தொட்டதில்லை. கை வைக்கும்போது ஒரு கணம் நின்றது. அவன் என்னைப் பார்த்தான். "சாமி, காலு போனா போவட்டும், என்ன வுட்டுட்டுப் போவாதீங்க" என்றான். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.

ஒருத்தனாக அந்த மூட்டையை அசைக்க முடியாது. மேலே பார்த்து "யாராவது வாங்கப்பா" என்று கத்தினேன். யாரும் வரவில்லை. தம்பிகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது என்று கூப்பிட்டால் யாருமே வர மாட்டார்கள், ஏனென்றால் யாராவது என்பது யாருக்கும் பேர் இல்லை. அது அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. உடனே கையை நீட்டி ஆளாளாகக் காட்டிக் கூப்பிட்டேன்.

"வாயில வேப்பங்குச்சி வெச்சிருக்கிறவரே! நீங்கதான். எறங்குங்க. சேப்புத் துண்டு! நீ அந்தப் பக்கம் புடி. காதர் பாய், ஜாக்கிய எடுங்க."

வேப்பங்குச்சிக்காரர் திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அப்புறம் எப்படி நிற்பது? குச்சியைத் துப்பிவிட்டு இறங்கினார். ஆனால் அவருக்கு முன்னாலேயே, பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், யாரும் கூப்பிடாமலேயே, தண்ணீர்க் குடத்தோடு சரிவில் இறங்கிவிட்டாள். அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

கரையிலிருந்து யாரோ, "ஏய், உன் கொடத்துலயா குடுக்கற?" என்றார்கள்.

"கொடந்தான, தேய்ச்சா போய்டும்" என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அந்த நேரம் பின்னால் ஹாரன். விட்டு விட்டு, வெறி பிடித்த ஹாரன். குப்புசாமி.

"இன்னாண்ணே, மக்கர் பண்ணுதா? தள்ளி வுடட்டுமா?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். பள்ளத்தைப் பார்த்தான். நின்றான். கை தானாகப் பக்கத்துப் புங்கமரத்தின் கிளைக்குப் போயிற்று.

"வண்டி நல்லாதான் இருக்குது" என்றேன். "தழ போட இடமில்ல குப்புசாமி. என் வண்டிதான் இன்னிக்குத் தழ. எறங்கி வா."

"டைம் ஆவுதுண்ணே. ஜனம் பேஜார் பண்ணும்."

"எனக்கும்தான் ஆவுது."

அவன் என்னைப் பார்த்தான், என் பஸ்ஸைப் பார்த்தான், தாண்டிப் போக வழி இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. வாய்க்குள் என்னவோ கெட்ட வார்த்தை சொன்னான், என்னைத்தான் என்று நினைக்கிறேன். பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினான். அவன் வண்டி ஜாக்கியும் வந்தது. அவன் பின்னால் ஒரு ஜட்கா வந்து நின்றது, அதன் பின்னால் சந்தைக்குப் போகிற இரண்டு பார வண்டிகள், எதிர்ப்பக்கம் ஒரு லாரி. வந்தவர்கள் எல்லோரும் முதலில் கத்தினார்கள். கத்தினவர்கள் எதற்காக அடைத்திருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வழி இல்லை, அதனால் கை கொடுத்தார்கள். மனிதன் மோசம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவேன். போக வழி இருந்தால் போய்விடுகிறான், அவ்வளவுதான் அவன் மேல் உள்ள குற்றம்.

இரண்டு ஜாக்கியும் பதினாறு கைகளும் சேர்ந்து அச்சைத் தூக்கின. கால் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது. என் தலைத்துண்டைத் தொடையில் இறுக்கிக் கட்டி அவனைத் தூக்கிக்கொண்டு வந்து என் பஸ் சீட்டில் கிடத்தினோம். அப்போதுதான் தலைப்பாகைக்காரர் இறங்கினார்.

"இந்த நாத்தத்தோட நாங்க எப்பிடிய்யா வர்றது?" என்றார். அவர் கூட இன்னும் நான்கைந்து பேர் இறங்கி நின்றார்கள்.

நான் பதில் சொல்வதற்குள் குப்புசாமி முந்திக்கொண்டான். "அண்ணே, நீங்க ஆளோட போங்க. நாத்தம் புடிக்காத ஜனத்தெல்லாம் நான் கொண்டாந்து சேக்கறேன். டிக்கெட் உங்க சர்வீஸ் டிக்கெட்டே செல்லும்." என் ஜனத்தைப் பிடுங்கிப் பிழைத்தவன் சொல்கிறான் இதை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஞ்சின் புகை என்று சமாளித்தேன்.

அடிபட்டவன் பேர் சவரிமுத்து. வேலூர் போகும் வரை காதர் பாய் அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி, "தூங்காத தோஸ்த், பேசு, மாடு எத்தன பல்லு, பொண்ணு எத்தன" என்று பேச வைத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது.

அடுத்த வாரம் எனக்கு சம்மன் வந்தது. சர்க்கார் ரோட்டை மறித்தது, பிரயாணிகளுக்கு இடைஞ்சல் செய்தது. தலைப்பாகைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அவர் வழக்கு அவர் இல்லாமலே தள்ளிவைக்கப்பட்டதாம். அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய நஷ்டமும் நிஜம்தான். ஆனால் அவர் ஒரு தடவைகூட, அந்த ஆள் பிழைத்தானா என்று கேட்கவில்லை. அதற்குத்தான் கோபம்.

விசாரணைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. மாஜிஸ்திரேட் பொறுமையான மனிதர். "ரோட்டை மறிச்சது வாஸ்தவமா?" என்று கேட்டார்.

"வாஸ்தவம்தாங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஆளு வெளிய வர்ற வரைக்குங்க."

கோர்ட்டில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல காரியத்துக்காகச் செய்திருக்கே. தெரியுது. ஆனா ஆளாளுக்கு ரோட்டை மறிச்சா சட்டம் எதுக்கு? இனிமேல் எந்தக் காரணத்துக்காகவும் ரோட்டை மறிக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. எச்சரிச்சு அனுப்பிடறேன்."

பக்கத்தில் நின்ற என் முதலாளி பெருமூச்சு விட்டார். என் காதில், "போட்டுத் தொலைடா" என்றார். "காகிதந்தான. நாளைக்கு நீ நிறுத்தினா எவன் வந்து பாக்கப் போறான்?"

குமாஸ்தா பேனாவை நீட்டினார். கையில் வாங்கிவிட்டேன். வீட்டில் நான்கு பிள்ளைகள். டிரைவர் வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். ஒரு நாள் அவசரமாகப் போய்க்கொண்டிருப்பேன், வழியில் ஒருவன் கிடப்பான், நிறுத்தலாமா என்று கால் தயங்கும். அந்த நேரத்தில் இந்தக் காகிதம் எனக்கு நல்ல சாக்காக வந்து நிற்கும். கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேனே, நான் என்ன செய்வது என்று நிம்மதியாகப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நிம்மதி ஒன்றை ஏற்கெனவே அனுபவித்தவன் நான்.

பேனாவைத் திரும்பக் கொடுத்தேன்.

"மன்னிக்கணுங்க. ஆளு கிடக்கலன்னா மறிக்க மாட்டேன்னு எழுதித் தர்றேன். எந்தக் காரணத்துக்காகவும்னு எழுத மாட்டேன்."

"லைசென்ஸ் போயிடும்."

"சரிங்க."

ஆறு மாதம். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் மனைவி அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் எழுதறாங்க, உனுக்கு மட்டும் கையி வலிக்குதா?" என்று கேட்டாள்.  அவள் இரண்டு நாள் பேசவில்லை. அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. துணிச்சல் காட்டுகிறவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழும் என்பதையும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன்.

மூன்றாம் நாள் சவரிமுத்து வந்தான். கட்டையை அக்குளில் ஊன்றிக்கொண்டு, பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் வண்டியில் தொற்றி வந்திருக்கிறான். வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை. மறுபடி சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதைப் பார்த்துத் தயங்கினான். நானே போய்த் தோளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

"வண்டி சும்மா நிக்குது" என்றான். "மாடும் சும்மா நிக்குது. காலு இல்லாம என்னால ஏறி எறங்க முடியல. நீங்களும் சும்மா இருக்கீங்கன்னாங்க. தப்பா நெனச்சிக்காதீங்க சாமி."

"சாமின்னு கூப்பிடாத. மாட்டு வண்டிக்கு லைசென்ஸ் வேணுமா?"

"வேணாங்க."

உள்ளேயிருந்து என் மனைவி அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் அவள் எனக்குச் சொன்ன பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் நான் தோல் வண்டி ஓட்டினேன். வந்ததில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. என் சொந்தக்காரர்கள் சிலர் என் வீட்டில் கை நனைக்கவில்லை. நனைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பஸ்கள் என்னைத் தாண்டிப் போகும்போது ஜன்னலோரத்தில் எல்லாக் கையும் மூக்குக்குப் போகும். அதுவரை பஸ்ஸில் எத்தனை தோல் வண்டியைத் தாண்டியிருப்பேன், அந்த வண்டியின் மேல் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் நம் மூஞ்சி தெரிகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. குப்புசாமி மட்டும் மூக்கைப் பொத்த மாட்டான். வேகத்தைக் குறைத்து, "இன்னாண்ணே, மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் வண்டி ஜனம் அவனைத் திட்டும்.

லைசென்ஸ் திரும்பி வந்த அன்று முதலாளி ஷெட்டில் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு டிரைவர் கிடைக்காத அவஸ்தை, அதனால்தான் என்னை எடுத்துக்கொண்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, கொடுக்காமல், நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார். மற்ற டிரைவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று கேட்டார்கள்.

"ஆறு மாசம் பட்டியே, இப்பவாவது புத்தி வந்துச்சா?" என்று முடித்தார்.

"வந்துச்சு மொதலாளி" என்றேன். "போன வாட்டி மரத்துக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு சந்து வுட்டுட்டேன். ஒரு சைக்கிள்காரன் அதுல புகுந்து போய்ட்டான். அடுத்த வாட்டி அந்தச் சந்து இருக்காது."